வெள்ளையாகக் கூடாது

ஸ்ட்ரா திரவ நைட்ரஜனுக்குள் இறங்கிய உடனே என் கண் போவது அதன் நுனிக்குத்தான். அங்கே நிற்கும் திரவம் தெளிவாகவே இருந்தால் உள்ளே இருக்கும் செல்கள் பிழைக்க வழி உண்டு. வெளுத்துப்போனால் ஐஸ் பிடித்துவிட்டது. அதற்கு லேபிள் ஒட்டி டேங்கில் இடத்தை அடைப்பதில் பயனில்லை. ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டியதுதான். மைனஸ் 196 டிகிரியில் கிடந்தும் ஐஸ் ஆகாமல் வைத்திருப்பதுதான் எங்கள் தொழில். விட்ரிஃபிகேஷன் என்று அதற்குப் பெயர்.

சிங்கப்பூரில் ஸ்டெம் செல் ஆய்வுக்கூடம் ஒன்றில் செல் வங்கியைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது. செல்களை வளர்ப்பவர்கள், அவற்றை இதயத் தசையாகவும் நரம்பாகவும் மாற்றிப் பார்ப்பவர்கள் எல்லாம் வேறு ஆட்கள். அவர்கள் கொடுப்பதை உறையவைத்து, டேங்கில் கணக்காக அடுக்கி, மாதங்களோ வருடங்களோ கழித்துக் கேட்கும்போது உயிரோடு எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. ஊருக்குப் போனால், "ஃப்ரிட்ஜ்ல வைக்கிற வேலைதானே?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். வைப்பது ஓரளவு எளிதுதான். எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

செல்லைக் குளிர் கொல்வதில்லை. மைனஸ் 130 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் உயிரின் வேதிவினைகள் எல்லாம் நின்றுவிடும். செல் வளரவும் முடியாது, கெடவும் முடியாது. அங்கே ஒரு நாளும் ஒன்றுதான், இருபது வருடமும் ஒன்றுதான். ஆபத்து முழுவதும் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் இருக்கிறது. பூஜ்யத்துக்கும் மைனஸ் 130-க்கும் இடைப்பட்ட அந்தப் பாதையை ஒவ்வொரு செல்லும் இரண்டு முறை கடக்க வேண்டும்.

அந்தப் பாதையில் நடப்பது இது. மெதுவாகக் குளிர்வித்தால் முதலில் செல்லுக்கு வெளியே ஐஸ் உருவாகும். ஐஸ் படிகம் தண்ணீரை மட்டும் சேர்த்துக்கொண்டு உப்பை ஒதுக்கிவிடும். மிஞ்சிய திரவத்தில் உப்பு ஏறிக்கொண்டே போகும். அது செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை இழுக்க, செல் சுருங்கி வற்றிப்போகும். சரி, வேகமாகக் குளிர்விப்போம் என்றால், தண்ணீர் வெளியேற நேரமில்லாமல் செல்லுக்குள்ளேயே ஐஸ் பிடித்துச் சவ்வுகளைக் கிழித்துவிடும். மெதுவாகப் போனாலும் சாவு, வேகமாகப் போனாலும் சாவு. இந்த இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு வகைச் செல்லுக்கும் தோதான ஒரு வேகம் இருக்கிறது என்பதை அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் பீட்டர் மஸூரும் அவருடைய கூட்டாளிகளும் 1972-இல் விளக்கினார்கள். நிமிடத்துக்கு 1 டிகிரி என்று உலகத்தின் பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் இன்றும் உறையவைப்பது அந்தக் கணக்கில்தான். கூடவே 10 சதவீதம் டிஎம்எஸ்ஓ சேர்ப்பார்கள். செல்லுக்குள் புகுந்து ஐஸைத் தடுக்கும் அந்தத் திரவத்தின் பயனை 1959-இல் எழுதியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் லவ்லாக். பூமி முழுவதையும் தன்னைத்தானே சீராக்கிக்கொள்ளும் ஒரே உயிர்த் தொகுதியாகப் பார்க்கலாம் என்று பிறகு எழுதிப் புகழ்பெற்ற அதே லவ்லாக்தான்.

ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களுக்கு இந்த மெதுவான முறை நன்றாகவே போதும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் தொப்புள்கொடி ரத்த வங்கிகளும் இதில்தான் ஓடுகின்றன. ஊரில் பிரசவத்துக்கு நாள் குறித்த குடும்பங்களில் இதைப் பற்றி என்னிடம் நிறையக் கேட்பார்கள். பணம் கட்டித் தன் குழந்தைக்கென்றே தனியாரிடம் சேமித்துவைப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுவேன். என் கருத்தும் அதுதான். பொது வங்கிக்குத் தானமாகக் கொடுப்பது வேறு விஷயம். அது யாரோ ஒரு நோயாளிக்குப் போய்ச் சேரும்.

என் கைக்கு வந்த செல்கள் வேறு ரகம். கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்கள் தனித்தனியாக வாழாது. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு காலனியாகத்தான் வளரும். பிரித்துவிட்டால் தானாகவே செத்துப்போகும். மெதுவாக உறையவைத்தால் கூட்டத்துக்குள் எங்கோ ஐஸ் பிடித்து அந்தப் பிடிப்பு அறுந்துவிடும். 2001-இல் பெஞ்சமின் ரூபினாஃப், மார்ட்டின் பேரா, காபோர் வொய்டா, ஆலன் டிரவுன்சன் நால்வரும் வெளியிட்ட ஆய்வில் மெதுவான முறையில் வைத்த துண்டுகளில் 16 சதவீதம்தான் பிழைத்தன. பிழைத்தவற்றிலும் பெரும்பாலானவை ஸ்டெம் செல்லாக இருப்பதை விட்டுவிட்டு வேறு வகையாக மாறத் தொடங்கியிருந்தன. ஐஸ் இல்லாத முறையில் வைத்தவை அனைத்தும் எழுந்து காலனி ஆயின.

அந்த ஆய்வுக்கும் சிங்கப்பூருக்கும் நெருங்கிய உறவு உண்டு. இலங்கையில் பிறந்து, கால்நடை மருத்துவம் படித்து, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு வந்த அரிஃப் போங்சோ, மனிதக் கருவின் உட்செல்களைத் தனியே எடுத்துச் சில காலம் வளர்த்துக் காட்டியது 1994-இல். 2000-இல் அவரும் ரூபினாஃபும் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழுவும் சேர்ந்து தொடர்ந்து பெருகிக்கொண்டே இருக்கும் நிலையான செல் வரிசைகளை உருவாக்கினார்கள். அந்தச் செல்களோடு, ஐஸ் இல்லாமல் வைக்கும் ஸ்ட்ரா முறையும் சேர்ந்தே சிங்கப்பூர் ஆய்வுக்கூடங்களுக்கு வந்தது.

ஸ்ட்ரா என்றதும் குளிர்பானம் குடிப்பதை நினைக்க வேண்டாம். நம் ஊரில் மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர் வைத்திருப்பாரே, காளை விந்து நிரப்பிய 0.25 மில்லி ஸ்ட்ரா, அதேதான். 1990-களின் இறுதியில் டென்மார்க்கில் மாட்டுக் கருக்களோடு வேலை செய்துகொண்டிருந்த வொய்டா, அந்த ஸ்ட்ராவை நடுவில் சூடுகாட்டி இழுத்தார். 1.7 மில்லிமீட்டர் உள்விட்டம் பாதியாகி 0.8-க்கு வந்தது, சுவரின் தடிமனும் அதேபோல் பாதியானது. மெல்லிய சுவர், ஒன்றிரண்டு மைக்ரோலிட்டர் திரவம். நைட்ரஜனில் இறக்கினால் நிமிடத்துக்கு 20,000 டிகிரிக்கு மேல் குளிரும். கருக்களைத் தாங்கிய அந்தக் குழாய்தான் ஸ்டெம் செல்லுக்கும் கைகொடுத்தது. கால்நடைத் துறை மனித மருத்துவத்துக்குக் கொடுத்த கொடைகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும்.

ஐஸ் இல்லாமல் உறைவது எப்படி? சர்க்கரையை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். பாகைப் பல நாள் அசையாமல் மெல்ல விட்டுவைத்தால் கற்கண்டு. கொதித்த கெட்டிப் பாகைச் சட்டென்று ஆறவைத்தால் குச்சி மிட்டாய். கற்கண்டில் மூலக்கூறுகள் வரிசைகட்டி நிற்கின்றன. மிட்டாயில் வரிசைக்கு வர நேரமில்லாமல் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன; இதைத்தான் கண்ணாடி நிலை என்கிறோம். தண்ணீரையும் அப்படி நிறுத்தலாம். ஆனால் சுத்தமான தண்ணீருக்கு நொடிக்குப் பல லட்சம் டிகிரி வேகம் வேண்டும். அது நடக்கிற காரியமில்லை. ஆகவே தண்ணீரைக் கெட்டியாக்க வேண்டும். செல்லை அடுத்தடுத்து இரண்டு கரைசல்களில் வைப்போம்; இரண்டாவதில் 20 சதவீதம் டிஎம்எஸ்ஓ, 20 சதவீதம் எத்திலீன் கிளைக்கால், மேலே 0.5 மோலார் சுக்ரோஸ். இவ்வளவு கெட்டியாக இருந்தால் ஸ்ட்ராவின் வேகமே போதும்.

ஆனால் அந்தக் கரைசல் விஷம். 37 டிகிரியில் அதற்குள் செல் இருக்கக்கூடிய நேரம் 25 விநாடி. கொஞ்சம் முந்தினால் உள்ளே போதுமான அளவு புகுந்திருக்காது, ஐஸ் பிடிக்கும். பிந்தினால் செல் கருகிவிடும். ஐஸுக்கும் விஷத்துக்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் கை வேலை செய்ய வேண்டும்.

முதலில் மைக்ரோஸ்கோப்பின் கீழே நல்ல காலனியாகப் பார்த்து, நடுவில் மாறத் தொடங்கிய பகுதியை விலக்கி, ஓரத்தைச் சில நூறு செல்கள் உள்ள துண்டுகளாகக் கீறி எடுப்போம். சூடான மேடையில் சொட்டுகள் வரிசையாகக் காத்திருக்கும். முதல் சொட்டில் டிஎம்எஸ்ஓவும் எத்திலீன் கிளைக்காலும் 10 சதவீதம் வீதம் உள்ள கரைசல், 1 நிமிடம். துண்டு கண்ணெதிரே சுருங்கும். பிறகு இரண்டாவது சொட்டு. கரைசல் கனமானது என்பதால் துண்டுகள் மேலே மிதந்து மைக்ரோஸ்கோப்பின் குவியத்தை விட்டு விலகிவிடும். புதிதாகக் கற்பவர்கள் அங்கேதான் தடுமாறுவார்கள். அவற்றைத் தேடிப் பிடித்து, குறைந்த திரவத்தோடு உறிஞ்சி, மூன்று மைக்ரோலிட்டர் அளவுள்ள இன்னொரு குட்டிச் சொட்டில் விட்டு, இழுத்த ஸ்ட்ராவின் மெல்லிய நுனியை அதன் பக்கவாட்டில் தொட்டால் திரவம் தானாக ஏறும். உடனே சாய்வாக நைட்ரஜனில். இவ்வளவும் 25 விநாடிக்குள். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கருத்தரிப்பு மையம் ஒன்றில் கருக்களைக் கையாண்டு பழகியவர். கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். மனதுக்குள் எண்ணுவார்; உதடு மட்டும் அசையும். எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது.

சாய்வாக இறக்குவதற்கும் காரணம் உண்டு. சூடான எதுவும் நைட்ரஜனைத் தொட்டால் அது கொதித்து, பொருளைச் சுற்றி வாயுப் படலம் ஒன்று நிற்கும். அந்தப் படலம் குளிரை உள்ளே விடாது. மெல்லிய நுனி சாய்ந்து இறங்கும்போது வாயு விலகி மேலே ஓட வழி கிடைக்கிறது.

வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். ஸ்ட்ராக்களை வயல் எனப்படும் 4.5 மில்லி குப்பிக்குள் அடுக்கி, வயலில் ஊசியால் துளை போட்டுவைப்போம். மூடிய வயலுக்குள் நைட்ரஜன் கசிந்து புகுந்துவிட்டால், வெளியே எடுக்கும்போது அது வாயுவாகிச் சுமார் 700 மடங்கு விரியும். வயல் வெடித்து முகத்தில் அடிக்கும். அப்படி விரியும் வாயு அறையின் ஆக்சிஜனை ஒதுக்கிவிடும் என்பதால்தான் டேங்க் அறையில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் அலாரம் இல்லாமல் நான் கால் வைப்பதில்லை, யாரையும் வைக்க விடுவதும் இல்லை.

இனி, திரும்பி வரும் வழி. இந்தத் தொழிலைப் பற்றி நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான்: குளிர்விக்கும் வேகத்தைவிடச் சூடேற்றும் வேகம் முக்கியம். பல ஆய்வாளர்களே இதை மனதில் வாங்குவதில்லை. ஐஸ் உருவாவதில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் கண்ணுக்குத் தெரியாத விதைப் படிகங்கள் தோன்ற வேண்டும். பிறகு அவை வளர வேண்டும். விதைகள் அதிகம் தோன்றுவது கடுங்குளிரில், கண்ணாடி நிலைக்குக் கொஞ்சம் மேலே. அவை வேகமாக வளர்வது அதைவிட வெதுவெதுப்பான பகுதியில். குளிர்விக்கும்போது வளரும் பகுதியை முதலில் தாண்டிவிடுகிறோம், அப்போது விதைகள் இல்லை. விதைகள் தோன்றும்போது வளர முடியாத அளவுக்குக் குளிர். சூடேற்றும்போதோ வரிசை தலைகீழ். விதைகள் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன, அவற்றோடுதான் வளரும் பகுதிக்குள் நுழைகிறோம். அங்கே ஒரு விநாடி தாமதித்தாலும் போதும், ஐஸ் பிடித்துவிடும்.

என்னிடம் பழக வந்த திருச்சிப் பெண் ஒருத்தி முதல் தடவை ஸ்ட்ராவை எடுத்தபோது, நன்றாக உறைந்திருக்கிறதா என்று பார்க்க வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தாள். தெளிவாக இருந்த நுனி எங்கள் கண்ணெதிரிலேயே வெளுத்தது.

"அக்கா, வெளிய எடுத்ததும் ஐஸ் புடிக்குதே! உருகத்தானே செய்யணும்?"

"உருகுறதுக்கு முன்னாடி அதுக்கு உறைய நேரம் குடுத்துட்ட."

பழகுவதற்காகக் கொடுத்த, செல் இல்லாத வெறும் கரைசல்தான் அது. ஆனால் அந்த வெளுப்பை நேரில் பார்த்த பிறகு அவளுக்கு நான் வேறு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது அவள் கை என்னுடையதைவிட நிதானம்.

முறை இதுதான். நைட்ரஜனிலிருந்து எடுத்த 3 விநாடிக்குள் நுனி 37 டிகிரியில் இருக்கும் வளர்ப்புத் திரவமான மீடியத்துக்குள் இருக்க வேண்டும். தொட்டதும் உருகிவிடும். ஸ்ட்ராவின் மேல்முனையை உடனே விரலால் மூட வேண்டும். உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்று சூடாகி விரிந்து துண்டுகளைத் தானே வெளியே தள்ளிவிடும். அந்த மீடியத்தில் 0.2 மோலார் சுக்ரோஸ் இருக்கும். செல்லுக்குள் அடைந்திருக்கும் டிஎம்எஸ்ஓ வெளியேறுவதற்குள் தண்ணீர் பாய்ந்து புகுந்தால் செல் ஊதி வெடித்துவிடும். சுக்ரோஸ் செல்லுக்குள் நுழையாது. வெளியே நின்று தண்ணீரைப் பிடித்துவைக்கும். 1 நிமிடம் அங்கே, 5 நிமிடம் அதில் பாதி அடர்த்தியில், பிறகு சுக்ரோஸ் இல்லாத மீடியத்தில் இரண்டு முறை கழுவி, ஸ்டெம் செல்லுக்குத் துணையாக ஃபீடர் செல்கள் பரப்பிய பிளேட்டில் விடுவோம். மறுநாள் காலை துண்டு தரையில் ஒட்டி, ஓரம் தட்டையாகப் பரவத் தொடங்கியிருந்தால் வேலை முடிந்தது. காலனி முதல் இரண்டு நாள் சிறியதாகத்தான் இருக்கும். அதற்காகப் பிளேட்டைக் கைவிடக் கூடாது.

சூடேறும் வழியில் இருக்கும் இந்த ஆபத்து தெரியாததால் நல்ல செல்கள் வீணாவதைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று எங்களுக்கு அனுப்பிய ஸ்ட்ராக்கள் உலர் ஐஸில் வந்து சேர்ந்தன. பெட்டி நிறைய உலர் ஐஸ் மிச்சம் இருந்தது, ஆவணங்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் உலர் ஐஸ் மைனஸ் 78 டிகிரி. மெதுவாக உறைந்த வயலுக்கு அது சில நாள் பாதுகாப்பு. ஸ்ட்ராவுக்கு அதுதான் மரணம்: கண்ணாடி நிலை இளகி, உள்ளே இருந்ததெல்லாம் வழியிலேயே படிகமாகிவிட்டது. ஒரு துண்டும் எழவில்லை. இதற்கென்றே டிரை ஷிப்பர் என்ற குடுவை இருக்கிறது. அதன் உட்சுவர் நைட்ரஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சாய்ந்தாலும் சிந்தாது, விமானத்திலும் ஏற்றுவார்கள், ஒரு வாரத்துக்கு மேல் மைனஸ் 150-க்குக் கீழேயே இருக்கும். விலை அதிகம்தான். ஒரு செல் வரிசையை உருவாக்கும் உழைப்போடு வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை.

ஐஸ் இல்லாமல் உயிரை நிறுத்தலாம் என்ற எண்ணம் பழையது. பாதிரியாராகவும் உயிரியலாளராகவும் இருந்த பேசில் லூயே அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 1930-களிலேயே இதற்கு முயன்றார். எலிக்கருக்களில் நம்பகமாக நடத்திக் காட்டியது 1985-இல், அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்க ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ராலும் கிரெகரி ஃபாஹியும். லூயே அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

ஸ்டெம் செல் உலகில் ஸ்ட்ராவின் காலம் நீளவில்லை. 2007-இல் ஜப்பானில் யோஷிகி சசாயின் குழு, ராக் என்னும் என்சைமைத் தடுக்கும் ஒரு மருந்தைச் சேர்த்தால் இந்தச் செல்கள் தனித்தனியாகப் பிரிந்தாலும் சாகாமல் பிழைக்கின்றன என்று காட்டியது. அதன் பிறகு மெதுவாக உறையவைத்த செல்களும் நல்ல எண்ணிக்கையில் எழத் தொடங்கின. வயலில் பத்து லட்சம் செல்களை ஒரே தடவையில் வைக்கலாம். ஸ்ட்ராவில் போவது சில துண்டுகள். சிகிச்சைக்குக் கோடிக்கணக்கில் செல்கள் தேவைப்படும் இடத்தில் ஒவ்வொன்றாக ஸ்ட்ராவில் ஏற்றிக்கொண்டிருக்க முடியாது. இன்னொரு பிரச்சினையும் இருந்தது. வொய்டாவின் ஸ்ட்ரா திறந்த நுனி உடையது. செல் நேரடியாக நைட்ரஜனைத் தொடுகிறது. நைட்ரஜன் கிருமிகளைக் கொல்லாது, பத்திரமாக வைத்திருக்கும். 1995-இல் லண்டனில் எலும்பு மஜ்ஜை சேமித்த ஒரு டேங்க் வழியாக நோயாளிகளுக்கு ஹெபடைடிஸ் பி பரவியது பதிவாகியிருக்கிறது. மனிதருக்குச் செலுத்தப் போகும் செல்லைத் திறந்த ஸ்ட்ராவில் வைக்க யாரும் இன்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொள்ளவும் கூடாது. எங்கள் வங்கியிலும் இப்போது பெரும்பாலானவை வயல்கள், நைட்ரஜன் திரவத்துக்கு மேலே ஆவியில் நிற்பவை.

இதில் எனக்கு வருத்தம் இல்லை. செல் பிழைத்தால் சரி. கவலை வேறு. ராக்கைத் தடுக்கும் மருந்து கைகொடுப்பதால், உறைந்து திரும்பும் பாதையைப் பற்றிய அறிவு புதியவர்களிடம் குறைந்துகொண்டே வருகிறது. வயலை எடுத்து மேசையில் வைத்துவிட்டு லேபிளை நிதானமாக வாசிப்பவர்களைப் பார்க்கிறேன். செல்கள் பாதி எழுந்தாலும் போதும் என்று நினைக்கிறார்கள். எழாமல் போன பாதியில்தான் நமக்கு வேண்டிய செல் இருந்ததா என்று யாருக்குத் தெரியும்? எழுந்தவை ஒரு வடிகட்டலைத் தாண்டி வந்தவை. அப்படிப் பல முறை வடிகட்டப்பட்ட ஒரு வரிசையைப் பழைய வரிசை என்றே நம்பி ஆய்வு நடத்துவது சரியல்ல என்பதை நான் கூட்டங்களில் விடாமல் சொல்லிவருகிறேன்.

ஸ்ட்ராவில் நாங்கள் கற்ற பாடம் இப்போது வேறு இடத்தில் பெரிதாக எழுந்து நிற்கிறது. பெண்ணின் கருமுட்டையை ஐஸ் இல்லாமல் வைக்கும் முறை உலகமெங்கும் கருத்தரிப்பு மையங்களில் வழக்கமாகிவிட்டது. அது சோதனை முறை அல்ல என்று அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2012-இல் அறிவித்தது. அடுத்தது முழு உறுப்புகள். ஒரு சிறுநீரகத்தைக் கண்ணாடி நிலைக்குக் கொண்டுபோவது இப்போது முடிகிறது. ஆனால் வெந்நீரில் போட்டுச் சூடேற்றினால் வெளிப்பக்கம் உருகி, நடுப்பகுதி பின்தங்கிப் படிகமாகும், அல்லது விரிசல் விடும். மினசோட்டா பல்கலைக்கழகக் குழு ரத்தக்குழாய்கள் வழியாக இரும்பு ஆக்சைடு நானோத் துகள்களைச் செலுத்தி, மாறும் காந்தப்புலத்தில் வைத்து உள்ளும் புறமும் ஒரே நேரத்தில் சூடேற்றியது. 100 நாள் வரை வைத்திருந்த எலியின் சிறுநீரகம், வேறு எலியின் உடலில் பொருத்திய பிறகு வேலை செய்தது. 2023-இல் அந்த ஆய்வு வெளியானபோது எங்கள் மதிய உணவு நேரம் முழுவதும் அதைப் பற்றியே பேசினோம்.

மனித சிறுநீரகம் எலியினுடையதைவிட நூறு மடங்குக்கு மேல் பெரியது. தானமாகக் கிடைத்த இதயம் ஐஸ் பெட்டியில் 4 முதல் 6 மணி நேரம்தான் தாங்கும். சென்னையில் போக்குவரத்தை நிறுத்தி ஆம்புலன்ஸுக்கு வழி விடுவது அதனால்தான். அந்த மணிக்கணக்கை வாரக்கணக்காக மாற்ற வேண்டுமென்றால் தீர வேண்டிய சிக்கல் சூடேற்றுவதில் இருக்கிறது. உயிரியல் முடித்துவிட்டு இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் வெப்பம் பரவும் கணக்கையும் சேர்த்துப் படித்துவிட்டு வாருங்கள் என்று இப்போதெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.